ஆத்துமாவைக் கேட்டார்கள், மாவுக் கணக்குச் சொன்னேன்

டோங்காதாப்பு
ஆகஸ்ட் 19, திங்கள்

அன்பு மகள் அகோசித்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நான் நடமாடுகிறேன், கடை ஓடுகிறது, கூரை ஒழுகவில்லை. நீயும் பிரிஸ்பேனில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை வகுப்புக் கூட்டத்தில் என் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், நான் எழுந்து நின்று மாவு மூட்டைக் கணக்கைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ஷிஃப்ட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பாய், நான் கல்லாவில் நிற்பேன், நல்லா இருக்கியா நல்லா இருக்கேன் என்று சொல்லி இரண்டு பேரும் வைத்துவிடுவோம், எத்தனையோ வருஷமாக அப்படித்தானே நடக்கிறது. வியாழக்கிழமை விமானத்தில் நம் சபை ஆட்கள் சிலர் உன் ஊருக்கு வருகிறார்கள், அவர்கள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீளமாக இருக்கும். வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு படி, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

வகுப்புக் கூட்டம் உனக்கு மறந்திருக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உடுப்புக்கு மேலே இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு சபைக் கூடத்துத் தரையில் வட்டமாக உட்காருவோம், தலைவர் பதிவேட்டைப் பார்த்துப் பேர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து ஆத்துமாவின் நிலையைச் சொல்ல வேண்டும். இப்போது செமிசிதான் தலைவர், தபால் ஆபீசில் இருந்தவர், யார் என்ன சொன்னாலும் முத்திரை குத்துகிற மாதிரி ஒரு தடவை தலையை ஆட்டுவார். எனக்கு முன்னால் லூப்பே எழுந்தாள். எனக்கு எதிரில் கடை போட்டிருந்தானே மனாசே, அவன் தங்கை, பாடல் குழுவில் பாடுகிறவள். "மூணு மாசமா உள்ள ஒரே வறட்சியா கெடக்கு, பாட்டு வாயில வருது, நெஞ்சுல எறங்கல, எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றாள். அடுத்தது என் பேர். "லேசியேலி, ஆத்துமா எப்படிம்மா இருக்கு" என்றார் செமிசி. நான் எழுந்து, "மாவு நாலு மூட்டை இருக்கு, டின் எறச்சி ரெண்டு பெட்டி இருக்கு, மனாசே வீட்டுக்குப் புண்ணுத் துணி தீந்துபோச்சு, வண்டி முன் டயரு தேஞ்சு கம்பி தெரியுது, எப்படியும் இந்த மாசம் ஓட்டிருவேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். யாராவது சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நன்றி லேசியேலி, நன்றி லேசியேலி என்று வட்டம் முழுக்கச் சொன்னார்கள், செமிசி ஒரு முத்திரை குத்தினார், பின்னாலிருந்து யாரோ "டயரு எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு, வந்து எடுத்துக்கக்கா" என்றான். அதற்குள் அடுத்த பேரை வாசித்தாயிற்று. கேட்டது ஒன்று நான் சொன்னது ஒன்று என்பது அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. டயரை மறுநாளே போய் எடுத்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய. பதினோரு வருஷமாக அவர்கள் என்னைப் பானையோடுதான் பார்க்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்கள் இப்போது ஐந்து வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் உன்னைப்போல வெளிநாட்டில், இங்கே கூட இருந்து பார்ப்பவர்கள் ஞாயிறு பத்து மணிக்கு மணி அடித்தால் ஆலயத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் நான் வண்டியில் சூப்பும் கிழங்கும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் சட்டம் பிடிக்கும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என் மனசு என்னைப் பிடிக்கும், எனக்கு வாகான வேலை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குச் சொன்னதில்லை. உன் அப்பா இருந்தவரை நம் வீட்டில் ஜெபம் அவர் பொறுப்பு, சரக்கு என் பொறுப்பு. துறைமுகத்தில் பலகாரம் சுட்டு விற்ற நாளிலிருந்து அப்படித்தான், நான் அடுப்பைப் பார்ப்பேன், அவர் கண்ணை மூடுவார், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவரை அடக்கம் பண்ணின அடுத்த ஞாயிறு ஆலயத்தில் உட்கார்ந்திருந்தேன். மௌனமாக ஜெபிப்போம் என்றார் போதகர். அந்த மௌனத்தில் எனக்கு உன் அப்பா இருமுகிற சத்தம்தான் கேட்டது, வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். எங்கக்கா போற என்று யாரோ கேட்டதற்கு, கிழவர் ஃபொலாவு இன்னைக்கு வரல, தனியா கெடக்காரு, கஞ்சி குடுக்கணும் என்றேன். பொய் இல்லை, போய்க் கொடுத்தேன். கஞ்சி நல்ல கஞ்சி, அவர் பசியும் உண்மையான பசி. நான் எழுந்து வந்தது மட்டும் அதற்காக இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் பானையைத் தூக்கினேன், பிறகு இரண்டு வீடு, மூன்று வீடு என்று கூடிப்போனது, நானும் திரும்பி உட்காரவே இல்லை.

புதன்கிழமை கடை திறக்கும் முன்னால், ஐஸ் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் முழங்கால் போட்டுப் பார்த்தேன். ஆண்டவரே என்று ஆரம்பித்தால் அடுத்து அரிசி வருகிறது. இன்னொரு தடவை ஆண்டவரே என்றால் கப்பல் எப்போது வரும் என்று வருகிறது. முழங்கால் வலித்ததுதான் மிச்சம். எழுந்து கதவைத் திறந்து வியாபாரத்தைப் பார்த்தேன், ஆனால் அன்று முழுக்க உன் ஞாபகமாக இருந்தது. போன மாதம் நீ எழுதியிருந்தாயே, சபைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது அம்மா, வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவதே எனக்கு ஜெபம், வேலையே ஜெபம் என்று நீதானே சொல்வாய் என்று. நான் அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன், பார்த்தீர்களா என் மகளை என்று. அந்த வார்த்தையை நான் எங்கே எடுத்தேன் தெரியுமா. ஆராதனையில் உங்களைக் காணோமே என்று போதகர் கேட்டபோது பானையைத் தூக்கிக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கேட்க அழகாக இருந்தது, அவரும் அடுத்து ஒன்றும் கேட்கவில்லை, அதனால் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாருக்காவது அது உண்மையாக இருக்கலாம், எனக்கு அது வாயை அடைக்க வைத்திருந்த கல். நம் கடையில் விற்ற சரக்கு பழுது என்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம் இல்லையா. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை போதகரைப் போய்ப் பார்த்தேன். இனிமேல் ஞாயிறு நான் ஆலயத்தில் உட்காரலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "உங்கள விட்டா யாரும்மா இருக்கா" என்றார். இத்தனை வருஷம் அதைக் கேட்டால் எனக்கு உள்ளே குளிர்ந்துபோகும். அன்றைக்கு வியாபாரியின் காதோடு கேட்டேன், உங்கள் கடையை விட்டால் வேறு கடை உண்டா என்று ஒருவன் ஆரம்பித்தால் அடுத்து விலையைக் குறைக்கச் சொல்லப் போகிறான் என்று அர்த்தம். அவர் கொடுத்த டீயைக் குடித்தேன். அவரே, "நானும் மைக்குக்கு முன்னாடி ஜெபம் பண்றதோட சரிம்மா, வீட்டுக்கு வந்து கண்ண மூடினா சபைக் கூரைக்குத் தகரம் எத்தனைன்னு ஓடுது" என்றார். பாவம், நல்ல மனுஷன், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கிறது. எனக்காக ஜெபிக்கிறேன் என்று ஆரம்பித்தார், பாதியில் போன் அடித்தது, சவ அடக்கம் ஒன்று, ஓடிவிட்டார். நான் மீதி டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று ஞாயிறு, வழக்கம்போலப் பானையோடு கிளம்பினேன். மூன்றாவது வீடு மனாசே. லூப்பே அவனுக்கு வேண்டியதைச் செய்து தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவாள், அண்ணன் கட்டிலருகே தங்கை உட்கார்ந்து பேசிச் சிரிக்கிற வழக்கம்தான் நம்மிடம் இல்லையே, மகன்கள் இரண்டு பேரும் சிட்னியில், ஆகவே வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சை என் தலையில் கொட்டுவான். சர்க்கரை வியாதியில் இடது காலை எடுத்துப் பதினாலு மாதம் ஆகிறது, நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. "வந்துட்டாய்யா எதிர்க்கடைக்காரி, இன்னைக்கும் உப்பில்லாத சூப்பா, நான் உன்னோட போட்டி போட்டதுக்கு இன்னும் பழி வாங்குறியா" என்றான். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்றால் கேட்க மாட்டான். "உன் மாவுல பூச்சி இருந்துச்சு, கடை தானா மூடிச்சு" என்றேன். "பூச்சிய நான் மாவோட சும்மா குடுத்தேன், நீயா இருந்தா எறச்சின்னு சொல்லித் தனியா வித்திருப்ப" என்றான். இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது, சிரிக்கட்டும் என்று வகுப்புக் கூட்டத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "ஒன்னயாச்சும் எழுப்பி நிறுத்திக் கேட்டாங்க. எங்கிட்ட வர்றவன்லாம் காலக் கேக்குறான், சக்கரையக் கேக்குறான். ஆத்துமா கால்லதான் இருந்த மாதிரியும் ஆஸ்பத்திரியில அதையும் சேத்து எடுத்துட்ட மாதிரியும்" என்றான்.

என்ன செய்ய மனாசே, எல்லாரும் ஆலயத்துக்குப் போகிறார்கள், உன்னாலும் என்னாலும்தான் போக முடியவில்லை என்று சமாதானமாகச் சொன்னேன். "எனக்குப் போக முடியலன்னு யாரு சொன்னா, நீதான் போக விடல" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் முதுகு ஒடியப் பானை தூக்கினதற்கு இதுவா பேச்சு என்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "கிழவர் ஃபொலாவுவ எப்படிக் கொண்டு போவாங்க, ஞாபகம் இருக்கா? வீட்டுக் கதவக் கழட்டி அது மேல படுக்க வச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க, மழையின்னா மேல வாழையெலையப் பிடிச்சுக்கிட்டு. நானே ஒரு மூலையத் தூக்கியிருக்கேன். அத எப்ப நிறுத்தினோம் சொல்லு. நீ கஞ்சி கொண்டுபோக ஆரம்பிச்சப்புறம். லேசியேலிதான் பாத்துக்கிறாளே, அப்புறம் எதுக்கு முதுக ஒடிச்சுக்கணும்னு நாங்க நாலு பேரும் விட்டுட்டோம். ஒன்மேல மட்டும் பழி போடல, எனக்கும் அதுல பங்கு உண்டு. இப்ப கட்டில்ல கெடந்து பாத்தாத்தான் தெரியுது" என்றான். ஃபொலாவு அதற்குப் பிறகு நாலு வருஷம் உயிரோடு இருந்தார் மகளே. ஒரு நாளும் ஆலயத்தைப் பார்க்காமல்தான் போனார். நான் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், காற்று வேண்டும் போல என்று நினைத்து ஜன்னலை இன்னும் அகலத் திறந்துவைப்பேன். அங்கிருந்து பாட்டுச் சத்தம் கேட்கும் என்பது எனக்கு நேற்றுத்தான் தோன்றியது.

பானை மூடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவனே ஆரம்பித்தான். "சரி, மூஞ்சியத் தூக்காத, ஏவாரம் பேசுவோம். என்னத் தூக்கிட்டுப் போ." ஆலய வாசலில் அஞ்சு படி இருக்கிறது, எனக்கு அறுபத்திரண்டு வயசு என்றேன். "ஒன்ன யாரு தூக்கச் சொன்னா, வண்டிய ஓட்டச் சொன்னேன். தூக்குறதுக்கா ஆளில்ல, கோட்டு போட்டுக்கிட்டு வாசல்ல எத்தன பேரு நிக்கிறான்." சரி, உன்னை இறக்கி விட்டுவிட்டு நான் மற்ற வீட்டைப் பார்க்கிறேன் என்றேன். "எறக்கி விட்டுட்டு ஓடுறதுக்குப் பேரு டாக்சி. நீ பக்கத்துல உக்காரணும்" என்றான். எதற்கு என்றால், சாய்ந்தால் பிடிக்க என்கிறான். பிறகு, "அன்னைக்கு மௌன ஜெபத்துல நீ எந்திரிச்சுப் போனப்ப நான் கடைசி பெஞ்சுல இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். கஞ்சி குடுக்கப் போற மூஞ்சி இல்ல அது" என்றான். பதினோரு வருஷம், அதில் பாதி எனக்கு எதிர்க்கடைக்காரனாக இருந்தவன், ஊரில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. அவன் மாவில் பூச்சி என்று நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. நாலு ஞாயிறும் வேண்டும் என்றான், ஒன்று என்றேன், கடைசியில் நடுவில் வந்து நின்றோம். மற்ற இரண்டு வீட்டுக்கு அன்றைக்குச் சாப்பாடு பிந்திவிட்டது, திட்டு வாங்கினேன்.

ஐந்து பேரில் மூன்று பேரை வண்டியில் ஏற்றலாம். இரண்டு பேரை அசைக்கக் கூடாது, அவர்களுக்குப் பத்து மணிக்குச் சூப்பு போயே ஆக வேண்டும். நான் உட்கார்ந்து ஜெபிக்கிறேன் என்று அவர்களைப் பசியில் போட்டால் அந்த ஜெபத்தை ஆண்டவரிடம் எந்த முகத்தோடு கொண்டுபோவது. இன்று காலை செமிசியிடம் போய் முறை போடச் சொன்னேன், வகுப்பில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவர் பானை எடுக்க வேண்டும், தூக்க நாலு ஆம்பளைகள் வேண்டும் என்று. இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்றார். அதுதான் கேள்வி. கேட்டிருந்தால் யாராவது வந்திருப்பார்கள், வந்திருந்தால் எனக்கு ஆலயத்துக்குப் போகாமல் இருக்கக் காரணம் இல்லாமல் போயிருக்கும். முதல் ஞாயிறு லூப்பே எடுக்கிறாள். ஒரு வாரம் பாடாவிட்டால் ஒன்றும் குறையாது, சூப்பு கொண்டுபோனாலாவது உள்ளே ஈரம் வருகிறதா பார்க்கிறேன் என்றாள். என் பானையை இன்னொருத்தி தூக்கப் போகிறாள் என்று நினைத்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது மகளே. பானை கனத்த அசதி என்றால் படுத்து எழுந்தால் போய்விடும், இது போகவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஜெபம் வரும் என்று நான் உனக்கு உறுதி சொல்லவில்லை. இருமல் சத்தம்தான் திரும்பக் கேட்குமோ என்னவோ. கேட்கட்டும், இந்தத் தடவை இருந்து கேட்டுவிடுகிறேன்.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. நீ குளிப்பாட்டும் அந்தப் பெரியவர்களுக்கு உன் கை வேண்டும், அது சின்ன வேலை இல்லை. ஆனால் அவர்கள் வலியை நீ கேட்கிறாய், உன் ஆத்துமாவை அங்கே யார் கேட்கிறார்கள். நீயும் எதிலிருந்தோ எழுந்து வந்துதான் அந்த வேலைக்குள் ஓடுகிறாயா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். இல்லை என்றால் நல்லது, அம்மா கிழடாகிவிட்டாள் என்று சிரித்துக்கொள். ஆமாம் என்றால் எனக்குப் பதினோரு வருஷம் ஆனது உனக்கு ஆக வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஷிஃப்ட்டை மாற்றிக் கேள். கெஞ்சாதே, கெஞ்சினால் கிடைக்காது. வெள்ளி ராத்திரி நான் பார்க்கிறேன் என்று முதலில் சொல், வெள்ளி ராத்திரி யாருக்கும் பிடிக்காது, ஞாயிறைத் தானாகக் கொடுப்பார்கள். அன்று தூங்கிவிடாதே. தூங்கினாலும் ஆலயத்தில் போய்த் தூங்கு, ஆண்டவர் ஒன்றும் சொல்ல மாட்டார், நான் போதகரிடம் கேட்டுவிட்டேன்.

நீ போகும் இடத்திலும் வரும் இடத்திலும் அவர் உன்னோடு இருக்கட்டும், உன் முதுகும் முழங்காலும் உறுதியாக இருக்கட்டும், உன்னிடம் உன்னைப் பற்றிக் கேட்கிற ஒரு ஆளை அவர் அனுப்பட்டும். இதைக் கொண்டுவருகிறவர்களிடம் ஒரு பொட்டலம் இருக்கிறது, அதில் புது இடுப்புப் பாய் வைத்திருக்கிறேன், ஈரத்தில் வைக்காதே, பூஞ்சை பிடிக்கும். பதில் எழுது, மெசேஜில் இதயம் போட்டு அனுப்புவது பதில் இல்லை. மனாசேயோடு முடித்த பேரத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் பின்வாங்கினால் கேட்க நீ ஒருத்தி இருக்க வேண்டும். மாதத்தில் மூன்று ஞாயிறு அவனை என் வண்டியில் ஆலயத்துக்குக் கொண்டுபோவேன், ஒரு ஞாயிறு என் முறைக்குப் பானையோடு போவேன், அன்று அவனை வேறு வண்டி கொண்டுபோகும், அதற்கு அவன் முகம் சுளிக்கக் கூடாது. வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சு, அவனுக்கு இடது பக்கம் நான். மௌன ஜெபத்தில் எனக்கு ஒன்றும் வராவிட்டால் பரவாயில்லை, எழுந்திருக்கத்தான் கூடாது. பதிலுக்கு அவன் நர்ஸ் வரும்போது கத்தாமல் புண்ணைக் காட்ட வேண்டும், சூப்பைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. வண்டிச் சாவி, கடைசி ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் வரை, அவன் சட்டைப் பையில் இருக்கும்.

உன் அம்மா,
லேசியேலி